நாற்பத்திரண்டு பொத்தான்களும் ஒரு தொலைபேசியும்

ஜனவரி 12

அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். வருடத்துக்கு ஒரு முறை அனுப்பும் வாழ்த்து அட்டை இல்லாமல் கனமான உறை வந்ததும், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பாய். எல்லோரும் நலம். ஃபோனில் இரண்டு நிமிடத்தில் முடிகிற விஷயம்தான். ஆனால் நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை, நீயாகவும் கூப்பிடுவதில்லை. முப்பத்து நான்கு வருடமாக அப்படியே வைத்திருக்கிறோம். அதை இப்போது கிளறவில்லை.

நான் செட் போட்ட விண்வெளிப் படம் நினைவிருக்கும். ஒன்பது பேர் போகிற கப்பல். அதன் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெரிய பலகையை நீதான் வரைந்து கொடுத்தாய். நீ பள்ளியில் இயற்பியல் நடத்த ஆரம்பித்து நாலைந்து வருடம் ஆகியிருந்த சமயம். அந்தப் படத்துக்கு இப்போது முன்கதை எடுக்கிறார்கள். நம் படத்தில் நடந்ததற்கு நாற்பது வருடம் முன்னால், அதே கப்பல் புதிதாக இருந்தபோது நடந்த கதை. பழைய ஆட்களில் கையும் கண்ணும் ஒழுங்காக இருக்கிறவன் நான் ஒருவன்தான் என்று கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அன்று ஸ்டுடியோ பட்டறையில் என்னைப் ‘பசை’ என்பார்கள். இன்று ‘பசை சார்’. வேறு முன்னேற்றம் இல்லை.

நீ வரைந்த நீல அட்டை நோட்டு தேவைப்படுகிறது. எந்தப் பொத்தான் எதற்கு என்று பக்கத்துக்கு ஒன்றாக எழுதியிருந்தாய். அதை அனுப்பினால் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்
தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். விடைத்தாளையும் அப்படித்தான் படிப்பேன். ஒரு முறை விடைக்காக, ஒரு முறை வழிமுறைக்காக, இன்னொரு முறை யாரைப் பார்த்து எழுதினான் என்று கண்டுபிடிக்க. ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை.

உங்கள் முன்கதைப் படத்தின் முன்னோட்டத்தை என் மகள், உன் மருமகள், தன் கைபேசியில் காட்டினாள். கப்பல் புதிதாக இருந்தபோது அதில் திரையே இல்லை. காற்றில் படம் மிதக்கிறது. எங்கோ இருக்கிற மனிதர் ஒளியாக வந்து அறை நடுவில் நின்று பேசுகிறார். அடிபட்ட கால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போய் நல்ல காலாக வெளியே வருகிறது. நாற்பது வருடம் கழித்து அதே கப்பலில் இருப்பது நான் வரைந்த திருகு குமிழும் பச்சை எழுத்துத் திரையும். காயத்துக்குத் துணிக்கட்டு. “இதென்னம்மா, கப்பல் வயசாக வயசாக முட்டாளாயிடுச்சா?” என்று கேட்டாள் அவள்.

எனக்கு வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. கணக்கின் விடையைப் பக்கத்துத் தாளில் பார்த்து எழுதிவிட்டு, வழிமுறையைப் பின்னால் நிரப்புகிற மாணவர்கள் உண்டு. அவர்களைப் பிடிப்பது சுலபம். அந்த வகுப்பில் இன்னும் நடத்தாத சூத்திரம் ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும். விடை சரி, வரிசை சரி, ஆனால் இந்தச் சூத்திரம் இவனுக்கு எப்படித் தெரிந்தது? முன்கதை எடுக்கிறவர்களும் முடிவைத் தெரிந்துகொண்டு ஆரம்பத்தை எழுதுகிறார்கள். அதனால் அவர்கள் காட்டுகிற கருவிகளை நான் நம்புவதில்லை. நடந்ததைப் பின்னால் சொல்ல வருகிற யாரையுமே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். உன்னையும் சேர்த்து.

நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உனக்கு அது வேண்டுமானால் எனக்கு ஒரு பதில் வேண்டும். அப்பா போன அந்த வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி நடையில் இருந்த ஃபோனிலிருந்து உன் பட்டறைக்கு ஆறு முறை கூப்பிட்டேன். முதல் தடவை மணி மூன்று. கடைசி தடவை ஐந்தேகால். அப்பா உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு முறையும் மணி அடித்தது. என் காதால் கேட்டேன். நீ ஏன் எடுக்கவில்லை?

அக்கா


ஜனவரி 28

அக்காவுக்கு,

இவ்வளவு வருடம் கழித்து நோட்டுக்குப் பணயமாக அதைக் கேட்பாய் என்று நினைக்கவில்லை. சொல்கிறேன். அன்றைக்கு நான் பின்னால் பெயின்ட் கொட்டகையில் இருந்தேன். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் மணிச் சத்தம் காதில் விழவில்லை. அவ்வளவுதான்.

முன்கதையைப் பற்றி நீ எழுதியதை இங்கே புது டைரக்டரிடம் வாசித்துக் காட்டினேன். முப்பத்தொரு வயதுப் பெண். நம் படம் வந்து மூன்று வருடம் கழித்துப் பிறந்தவள். கோபித்துக்கொள்ளவில்லை.

“சார், அது பழைய படம்னு நமக்குத் தெரியும். கப்பலுக்குத் தெரியாதே. கப்பலுக்கு இதுதான் இளமை. இளமையை மங்கலா காட்டச் சொல்றீங்களா?” என்றாள்.

“பளபளன்னு காட்டும்மா. ஆனா நாற்பது வருஷத்துல அதெல்லாம் எங்கே போச்சுன்னு யாராவது கேட்பாங்கல்ல?”

“அதைத்தானே சார் உங்ககிட்ட கேக்குறேன். உங்க காலத்துல ஏன் அதெல்லாம் வைக்கல?”

எங்கள் காலத்தில் ஏன் வைக்கவில்லையாம். அன்று எங்கள் கண்ணுக்கு அதுதான் நாளைக்கு. துணி துவைக்கிற இயந்திரத்தின் குமிழ், டைப்ரைட்டர் விசைகள், பெயின்ட் டப்பா மூடிக்குப் பின்னால் ஒரு பல்பு. இவற்றைத் தாண்டி வேறு எதிர்காலம் எங்களிடம் இல்லை. பழைய கப்பல் செய்கிறோம் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

இவர்கள் செட்டை நீ பார்க்க வேண்டும். சுவர் முழுக்கப் பச்சைத் துணி. மேசை இல்லை, பொத்தான் இல்லை; கடைசிக் காட்சிக்கு மட்டும் உன் பலகை வருமாம். நடிகர் காற்றைத் தடவுகிறார், படத்தைப் பிறகு வரைந்து சேர்ப்பார்களாம். நான் ஒரு திருகாணியாவது கண்ணில் படாதா என்று சுற்றி வருகிறேன். பலகை போக, பழைய படத்திலிருந்து இன்னும் ஒரே ஒரு பொருளை மட்டும் எப்படியாவது கொண்டுவர வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருக்கிறாள். கேப்டனின் தொலைபேசி. நம் படத்தின் கடைசியில் கேப்டன் வீட்டுக்குக் கூப்பிடுவார். மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள். அந்தக் காட்சிக்காகத்தான் ஜனங்கள் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கிறார்களாம். விண்வெளிக் கப்பலில் வயர் வைத்த தொலைபேசி எதற்கு என்று இணையத்தில் நூறு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். நூறும் தப்பு.

நீ அந்தப் படத்தை இன்றுவரை பார்த்ததில்லை என்று தெரியும். அப்பா இறந்த சமயத்தில் எடுத்த படம் என்பதால் உன்னைக் கேட்டதும் இல்லை. இனியும் பார்க்க வேண்டியதில்லை. நோட்டை மட்டும் அனுப்பு.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

பார்க்க வேண்டியதில்லை என்று எழுதினாய், பார்த்துவிட்டேன். உன் மருமகள் எங்கிருந்தோ தேடிப் பிடித்து வரவேற்பறை டிவியில் போட்டாள். மடியில் நீல நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பென்சிலும் வைத்திருந்தேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. கம்ப்ரசர் இரைச்சலில் மணி கேட்கவில்லை என்று இப்போது எழுதுகிறாய். அப்பாவின் காரியம் முடிந்த அன்று வாசலில் வைத்து நான் கேட்டதும் நீ சொன்னதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“மணி அடிச்சது கேக்கலையாடா?”

“அடிக்கவே இல்லக்கா.”

இரண்டும் ஒன்றல்ல, தம்பி. கம்ப்ரசர் கதை எனக்காகப் புதிதாகச் செய்தது. முன்கதைக்காரர்களோடு இருந்து நீயும் பழகிக்கொண்டாய் போலிருக்கிறது. நான் இத்தனை வருடம் நம்பாமல் இருந்தது உன் முதல் பதிலை. மணி அடித்ததை நானே கேட்டேனே, எப்படி நம்புவது?

படத்துக்கு வருகிறேன். நோட்டில் நாற்பத்திரண்டு பொத்தான்கள். பலகையில் நாற்பத்திரண்டையும் எண்ணிவிட்டேன். ஒன்றைக்கூட நீ மாற்றவில்லை. காற்றழுத்தக் குமிழின் அம்பு தலைகீழாக இருக்கிறது, போகட்டும். ஆனால் என் நோட்டில் தொலைபேசி கிடையாது. நான் யோசித்து வரைந்தது ஓர் ஒலிபெருக்கி. பதினேழாம் பக்கம். விண்வெளியில் வயர் வைத்த தொலைபேசியை வைத்தால் மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும்.

கடைசிக் காட்சியில் அந்தத் தொலைபேசியை அருகில் காட்டுகிறார்கள். சாம்பல் வண்ணம் அடித்திருக்கிறாய். சுழற்றும் வட்டின் நடுவே ஒரு காகிதச் சீட்டு. “நிறுத்து” என்றேன். உன் மருமகள் நிறுத்திப் படத்தைப் பெரிதாக்கினாள்.

“அம்மா, இது உன் கையெழுத்து மாதிரி இருக்கு.”

என் கையெழுத்துத்தான். பட்டறைக்கு ஃபோன் வந்த வாரம், உன் கிறுக்கலில் எழுதினால் ஒருவருக்கும் புரியாது என்று நான் எழுதிச் செருகிய சீட்டு. ஐந்து இலக்கம். அந்த ஐந்து இலக்கத்தைத்தான் அன்று ஆறு முறை சுழற்றினேன்.

இரண்டு நாள் எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை. பத்தாம் வகுப்புக்கு முப்பது வருடம் ஒரு பாடம் நடத்தினேன். கூப்பிடுகிறவருக்குக் கேட்கும் மணியும் அந்தப் பக்கம் அடிக்கும் மணியும் வேறு. நமக்குக் கேட்பது டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் நமக்காக அனுப்பும் ஒலி. அந்தப் பக்கம் கருவியே இல்லாமல் வெறும் வயர் தொங்கினாலும் நம் காதில் ‘ட்ரிங் ட்ரிங்’ என்றுதான் கேட்கும். கரும்பலகையில் படம் வரைந்து, இரண்டு வண்ணச் சாக்பீஸில் கோடு போட்டு விளக்குவேன். ஒரு வருடம்கூட அதை என் விஷயத்தில் பொருத்திப் பார்த்ததில்லை.

ஆக, அடிக்கவில்லை என்றது உண்மை. அப்படியானால் ஒரு பட்டறையின் ஒரே தொலைபேசி, அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், ஏன் செட்டில் இருந்தது?

அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

அன்றைய டைரக்டர் கேட்டார். அதுதான் காரணம். கேப்டன் வீட்டுக்குப் பேசும்போது கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும், ஒலிபெருக்கியைப் பார்த்து அழ முடியாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். மரத்தில் செய்தால் அருகில் காட்டும்போது மரம் என்று தெரிந்துவிடும். நிஜத்தையே கழற்றி வைத்தேன். எங்கள் தொழிலில் இது சாதாரணம். சீட்டை எடுக்க மறந்தது என் தப்பு.

இதை உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. சொன்னால் மட்டும் என்ன ஆகியிருக்கும்?

தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

படத்தை இன்னொரு முறை பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் அந்த இடத்தில் நான் வரைந்த ஒலிபெருக்கிதான் இருக்கிறது. கேப்டன் அதில் இரண்டு முறை பேசுகிறார், ஒரு முறை கண்ணும் கலங்குகிறார். தொலைபேசி கடைசி மூன்று காட்சிகளில் மட்டும். ஆரம்பத்திலேயே கேட்டிருந்தால் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கும்.

வழிமுறையை மறுபடி எழுது.

அக்கா


மார்ச் 4

அக்காவுக்கு,

எழுதுகிறேன். நடுவில் கிழித்துப் போட்ட தாள்களைச் சொல்லப் போவதில்லை.

டைரக்டர் கேட்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பட்டறை ஃபோன் அடித்தது. எடுத்தால் பெயின்ட் கடைக்காரர். எந்த நிறம் எத்தனை டப்பா என்று கேட்டார், சொன்னேன். வைத்துவிட்டுத் திரும்பினால் கையில் இருந்த கண்ணாடித் தகடு காலடியில் உடைந்து கிடக்கிறது. எப்போது நழுவியது என்றே தெரியவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மூன்று வாரமும் ஒவ்வொரு மணியும் அப்பா விஷயம்தான் என்று நினைத்துத்தான் எடுப்பேன். உனக்கு ஆஸ்பத்திரி நடை, எனக்கு அந்த மணி. நீ அங்கே தூங்காமல் உட்கார்ந்திருந்தாய், உன்னோடு சேர்த்துப் பேசும் தகுதி எனக்கில்லை.

அன்று மதியம் ஸ்குரூ டிரைவரை எடுத்து வயரைக் கழற்றினேன். வெறுமனே கழற்றி வைத்தால் “ஃபோன் எங்கே பசை?” என்று கேட்பார்கள். செட்டுக்குத் தேவை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். வண்ணம் அடித்து, உன் ஒலிபெருக்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்தினேன். ஒரு தொலைபேசி அடிக்கவே முடியாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான். டைரக்டர் வந்து பார்த்தார். “அட, ஃபோனு. நல்லாயிருக்கே. கேப்டன் வீட்டுக்கு இதுலயே பேசட்டும்” என்றார். அப்படி வந்ததுதான் அந்தக் காட்சி.

எடுத்தது வியாழக்கிழமை மதியம். மூன்று மணிக்கு ஆரம்பித்து ஐந்தரை வரை. நான் விளக்குக்குப் பின்னால் நின்றேன். நடிகர் திரும்பத் திரும்ப ரிசீவரைக் காதில் வைத்து, அந்தப் பக்கம் எடுக்க மாட்டார்களா என்று காத்திருந்தார். இரவு செட்டிலேயே படுத்துவிட்டேன். மறுநாள் ஸ்டுடியோ வாட்ச்மேன் வந்து “ஆபீசுக்கு ஃபோன் வந்துச்சு, உங்க அப்பா…” என்றபோதுதான், எனக்காக அடிக்க வேண்டிய கருவி அந்த நடிகர் கையில் இருந்தது எனக்கு உறைத்தது.

நோட்டைக் கேட்டதற்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. பொத்தான்களுக்காக மட்டும் கேட்கவில்லை. பதினேழாம் பக்கத்தில் ஒலிபெருக்கி இருப்பதை நான் மறக்கவில்லை. முன்கதை வருகிறது என்றதும் யாராவது உன்னைத் தேடி வந்து நோட்டைப் பார்ப்பார்கள், தொலைபேசி எப்படி வந்தது என்ற பேச்சு எழும் என்று பயந்தேன். அதற்குள் வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

போன வாரம் புது டைரக்டர் மறுபடி பிடித்துக்கொண்டாள். “எங்க கப்பல்ல யாரை வேணும்னாலும் கூப்பிடலாம், அவங்க நேர்ல வந்து நிப்பாங்க. உங்க கப்பல்ல ஒரு ஃபோன்தான். நடுவுல என்ன சார் ஆச்சு?”

உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. “யாரோ கழற்றியிருப்பாங்கம்மா. கெட்ட சேதி வந்துடுமோன்னு பயந்து, வழி இருந்தாத்தானே வரும்னு ஒவ்வொண்ணா கழற்றியிருப்பான்” என்றேன்.

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். “சார், கேப்டனே கழற்றினதா வச்சுக்கட்டுமா? சின்ன வயசுல?”

இப்போது அது கதையில் ஏறிவிட்டது. இளம் கேப்டன் ஸ்குரூ டிரைவரோடு கப்பல் முழுக்க நடந்துபோகிறார். கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நடிகருக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நீ ஒருநாள் தியேட்டரில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடிப்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

மணி அடித்திருந்தால் எடுத்திருப்பேனா என்று அடுத்தபடியாகக் கேட்பாய். தெரியவில்லை, அக்கா.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

நோட்டைத் தனியாகப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதினேழாம் பக்கத்தைக் கிழிக்காதே. காற்றழுத்தக் குமிழின் அம்பை இந்த முறையாவது சரியாக வை.

உன் கடிதத்தை மூன்று முறை அல்ல, ஒரு முறைதான் படித்தேன். கடைசி வரியில் “தெரியவில்லை” என்று இருந்தது. வழிமுறையைச் சொந்தமாகப் போட்ட மாணவன்தான் அப்படி எழுதுவான். பார்த்து எழுதுகிறவன் ஒருநாளும் விடையைக் காலியாக விட மாட்டான்.

இனி என் தாளைத் திருத்துகிறேன். அன்று என் கைப்பையில் இருந்த டைரியில் உன் பட்டறை எண்ணுக்குக் கீழேயே ஸ்டுடியோ ஆபீஸ் எண்ணும் இருந்தது. மறுநாள் காலை நான் கூப்பிட்டது அந்த எண்ணுக்குத்தான். முதல் நாள் ஐந்தேகாலுக்கே கூப்பிட்டிருக்கலாம். வாட்ச்மேன் அன்றே ஓடி வந்திருப்பார், அப்பா ஏழரை வரை இருந்தார். ஆறாவது முறை ரிசீவரை வைத்தபோது எனக்குக் கோபம். வராவிட்டால் போகட்டும், வரவில்லை என்பது காலத்துக்கும் நிற்கட்டும் என்று நினைத்தேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்தபோது நான் உனக்கு எதிராகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ‘ஆறு முறை’ என்று எல்லோரிடமும் சொன்ன நான், இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. நீ வயரைக் கழற்றினாய். நான் ஒரு எண்ணை மறைத்தேன்.

உங்கள் முன்கதையோடு எனக்கு இனி சண்டை இல்லை. இளமையில் கப்பல் எவ்வளவு வேண்டுமானாலும் மின்னட்டும், காற்றில் ஆட்கள் வந்து நிற்கட்டும். பின்னால் அதெல்லாம் இல்லாமல் போனதற்கு ஒருவன் கையில் ஸ்குரூ டிரைவர் இருந்தது என்று காட்டினால் போதும், நான் நம்புவேன். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னதாகச் சொல்.

உன்னை முழுதாக நம்பிவிட்டேனா என்றால், இல்லை. முப்பத்து நான்கு வருடச் சந்தேகம் ஒரு கடிதத்தில் போய்விடாது. அதனால் ஒரு சோதனை வைக்கிறேன். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு உன்னைக் கூப்பிடப் போகிறேன். என் காதில் மணி கேட்கும். உன் பக்கம் அடிக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆகவே முதல் மணியிலேயே எடுத்துவிடாதே. நன்றாக அடிக்கவிட்டு எண்ணு. இந்தப் பக்கம் நானும் எண்ணுகிறேன். எடுத்ததும் நலமா என்றெல்லாம் ஆரம்பிக்காமல், எத்தனை அடித்தது என்று முதலில் சொல்.

ஒன்று முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. கருவிக்கு அவ்வளவு சலுகை உண்டு.

அக்கா